லாகின் போடாமல் சமூக ஊடகம் பார்க்க முடியுமா?

கேள்வி: நண்பர்கள் அனுப்பும் எக்ஸ், ரெடிட் இணைப்புகளைத் திறந்தால் உடனே லாகின் கேட்கிறது. கணக்கு தொடங்க விருப்பமில்லை. ‘மாற்று முகப்பு’ என்கிறார்களே, அது என்ன? காசு கட்ட வேண்டுமா?

காசு வேண்டாம். மாற்று முகப்பு என்பது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு சர்வர். நீங்கள் கேட்ட பதிவை அது போய் எடுத்துவந்து, விளம்பரங்களையும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டுகளையும் கழித்துவிட்டு வெறும் பக்கமாகக் காட்டும். எக்ஸுக்கு நிட்டர், ரெடிட்டுக்கு ரெட்லிப், யூடியூபுக்கு இன்விடியஸ். மூன்றும் திறமூல மென்பொருள்கள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் ஏற்றி நடத்தலாம். அப்படி நடக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் இன்ஸ்டன்ஸ் என்று பெயர். பார்க்க மட்டும்தான் முடியும். லைக் போடவோ பதில் எழுதவோ வழியில்லை.

கேள்வி: இதில் பார்த்தால் நான் என்ன பார்க்கிறேன் என்பது யாருக்கும் தெரியாதா?

தெரியும், தெரிந்துகொள்பவர்தான் மாறுகிறார். உங்கள் ஐபி முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நீங்கள் திறக்கும் பக்கங்களும் இப்போது இன்ஸ்டன்ஸை நடத்துபவரின் கைக்குப் போகின்றன. பதிவேடு வைப்பதில்லை என்று அவர் எழுதியிருக்கலாம். அதை நாம் சோதித்துப் பார்க்க முடியாது. எனவே அந்தந்த மென்பொருளின் திட்டப் பக்கத்தில் இருக்கும் இன்ஸ்டன்ஸ் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் தளத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்விடியஸில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பக்கம் இன்ஸ்டன்ஸிலிருந்து வந்தாலும், வீடியோ கோப்பு நேராக கூகுள் சர்வரிலிருந்தே வரலாம். அப்படி வந்தால் உங்கள் ஐபி கூகுளுக்குத் தெரிந்துவிடும். விருப்பத்தேர்வுகள் பக்கத்தில், வீடியோவையும் இன்ஸ்டன்ஸ் வழியாகவே வரவைக்கும் ‘பிராக்ஸி வீடியோஸ்’ என்ற பெட்டியை டிக் செய்து சேமியுங்கள். பிறகு கணினியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து வீடியோவை ஓட்டுங்கள். டொமைன் (தள முகவரி) பகுதியில் ‘கூகுள்வீடியோ’ (googlevideo) என்று வந்தால் அந்த இன்ஸ்டன்ஸில் பிராக்ஸி வேலை செய்யவில்லை, வேறொன்றுக்கு மாறுங்கள்.

கேள்வி: நேற்று நன்றாக ஓடியது, இன்று 429 பிழை வருகிறது. கோளாறு என் பக்கமா?

பெரும்பாலும் இல்லை. 429 என்றால் கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன என்று பொருள். ஒரே சர்வர் முகவரியிலிருந்து ஆயிரம் பேருக்கான கோரிக்கைகள் போனால் மூலத்தளம் கதவை மூடத்தானே செய்யும்! கோரிக்கை வருவது சர்வர்கள் குவிந்திருக்கும் டேட்டா சென்டரின் ஐபியிலிருந்து என்றால் யூடியூப் ‘ரோபோ இல்லை என்று நிரூபி’ என்கிறது. நிட்டர் முன்பு எக்ஸின் விருந்தினர் கணக்குகளை (லாகின் இல்லாமல் கிடைத்த தற்காலிகக் கணக்குகள்) வைத்து ஓடியது. 2024 ஜனவரியில் அந்த வழி அடைபட, பெரும்பாலான நிட்டர் தளங்கள் படுத்துவிட்டன. இப்போது நடத்துபவர் உண்மையான கணக்குகளை வைத்தே ஓட்ட வேண்டும். அவை முடக்கப்பட்டால் தளமும் நிற்கும். இன்ஸ்டாகிராமுக்கு இருந்த பிப்லியோகிராம் 2022-லேயே கைவிடப்பட்டது.

ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு மூன்று இன்ஸ்டன்ஸ்களைக் குறித்து வையுங்கள். யூடியூபுக்கு மட்டும் என் பரிந்துரை வேறு: கணினியில் ஃப்ரீட்யூப், ஆண்ட்ராய்டில் நியூபைப் என்ற செயலிகள். இவை உங்கள் கருவியிலிருந்தே எடுப்பதால் பொதுச் சர்வர் முடங்கும் தொல்லை குறைவு. ஆனால் கூகுளுக்கு உங்கள் ஐபி தெரியும். அது உறுத்தினால், வேறொரு சர்வர் வழியாக இணைத்து உங்கள் ஐபியை மறைக்கும் விபிஎன் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூபைப் பிளே ஸ்டோரில் கிடைக்காது, திறமூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டிலிருந்து இறக்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு இணைப்பையும் கையால் மாற்றி ஒட்டுவது சலிப்பாக இருக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸில், இணைப்புகளைத் தானே மாற்று முகப்புக்குத் திருப்பிவிடும் லிப்ரீடைரக்ட் என்ற ஆட்-ஆனைப் போடுங்கள். அமைப்புகளில் தளத்தைத் தேர்ந்து, இயக்கி, முகப்பையும் உங்களுக்குப் பிடித்த இன்ஸ்டன்ஸையும் கொடுத்தால் போதும். ஆண்ட்ராய்டில் இணைப்புகள் பிரவுசருக்கு வராமல் நேரே யூடியூப் செயலிக்குத் தாவினால், அந்தச் செயலியின் அமைப்பில் ‘ஓப்பன் பை டீஃபால்ட்’ பகுதிக்குப் போய் இணைப்பு திறக்கும் அனுமதியை அணையுங்கள்.

ரெட்லிப் உங்கள் அமைப்புகளையும் சந்தாக்களையும் பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தரவான குக்கியில்தான் வைக்கிறது. பிரவுசரை மூடும்போது குக்கி அழியும்படி வைத்திருந்தால் எல்லாம் போய்விடும். அமைப்புகள் பக்கத்தின் அடியில் அவற்றை மீட்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதை புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாதக் கட்டணம் கட்டினால் பூட்டிய இன்ஸ்டாகிராம் கணக்குகளையும் காட்டுவதாக ஒரு செயலி சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். எந்த மாற்று முகப்பும் பொதுவில் இருப்பதை மட்டுமே காட்டும். பூட்டிய கணக்கைத் திறப்பதாகச் சொல்பவர்கள் குறிவைப்பது உங்கள் பணத்தை அல்லது உங்கள் பாஸ்வேர்டை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிற கருவிகளிலிருந்து லாகவுட் செய்யுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். கட்டணத்தை ஆப் ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். செயலியை போனிலிருந்து அழித்தால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது.