பதில்: மகன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்

சகோதரி, ஏழாவது படிக்கும் மகன் சட்டைப் பொத்தான் அறுந்து வருகிறான், கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி ஒரு வருஷம் ஓட்டியவன். எட்டாம் வகுப்பில் மூன்று பேர் என் டிபன் பாக்ஸில் சாக்பீஸ் தூளைக் கொட்டுவார்கள். சோற்றை வாய்க்காலில் போட்டுவிட்டு, பாக்ஸைக் கழுவிக்கொண்டு வீடு வருவேன். பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறானே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்!

அடிக்குக்கூட அவ்வளவு பயமில்லை. அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார், சார் எல்லார் முன்னாலும் விசாரிப்பார், மறுநாள் 'கோள்மூட்டி' என்ற பட்டமும் சேரும். அந்தப் பயம்தான். அது வெறும் கற்பனை என்றும் தள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லையை வெளியே சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு.

அதனால் "யார்டா அவன்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீ ஏன் திருப்பி அடிக்கல?" வேண்டவே வேண்டாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேச்சுக் கொடுங்கள். முகத்தைப் பார்க்காவிட்டால் பிள்ளைகளுக்கு வாய் வரும். "உன்கிட்ட சொல்லாம ஸ்கூலுக்கு வரமாட்டேன்" என்று சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். காயம், காசு பறிப்பு, சாதிப் பேச்சு என்றால் காத்திருக்காதீர்கள். அவனிடம் சொல்லிவிட்டே தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம்.

இன்று ராத்திரி அந்தப் பொத்தானை அவன் பக்கத்தில் உட்கார்ந்து தையுங்கள். எதுவும் கேட்காமல்.