பேஸ்மென்ற் வீட்டில் பேரீச்சம்பழ உருண்டை

அன்புத் தங்கைக்கு,

கனடாவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வீடொன்றுக்கு அண்மையில் குடிவந்ததாகவும், வீட்டுக்காரர் வெதுப்பியைப் பயன்படுத்த விடுவதில்லை என்றும், எண்ணெய்ச் சட்டி வைத்தாலே புகைமணி அலறுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உலர்பழமும் கஜு, பாதாம் போன்ற பருப்பும் சேர்த்து, முதலாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கும் இரண்டு வயது மகனுக்கும் வேகவைக்காமலே ஒரு நல்ல இனிப்புச் செய்யமுடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் வீட்டுக்கு ஒன்று, பாடசாலைக்கு வேறொன்று என்று பிரித்துச் செய்யவேண்டும்.

ஒன்ராறியோ மாகாணத்தில் சப்ரினா ஷனன் என்ற 13 வயது மாணவி 2003 ஆம் ஆண்டு கடுமையான உணவு ஒவ்வாமையால் இறந்தார். அவர் பெயரால் 2005 இல் நிறைவேற்றப்பட்ட சப்ரினா சட்டம், ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றை ஒவ்வொரு கல்விச்சபையும் வைத்திருக்கவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் பருப்புகளை நேரடியாகத் தடைசெய்யவில்லை. எனினும் பெரும்பாலான பாடசாலைகள் கச்சானும் மரப்பருப்புகளும் கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதுகின்றன. ஆகவே கச்சான், கஜு, பாதாம், பிஸ்தா, வால்நட் எதையும் மகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கவேண்டாம். இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள்; பக்கத்து மேசைப் பிள்ளையின் உயிர் அதில் இருக்கிறது.

இனிச் செய்முறை. விதை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம், பருப்பு 150 கிராம், ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போதும். மெட்ஜூல் பழம் பெரிதும் மென்மையானதும் என்றாலும் விலை கூடியது. அரைப்பதற்கு டெக்லட் நூர் என்ற சிறிய பழமே தாராளமாகப் போதும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கியால் காற்று வறண்டுவிடுவதால் பழம் இறுகிக் கிடக்கும். அப்படியானால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் உருண்டை குழைந்து, விரைவில் பூஞ்சணமும் பிடிக்கும். பருப்பை வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுங்கள். எண்ணெய் இல்லாததால், கருகவிடாத வரை புகைமணிக்கு வேலையில்லை.

ஊரில் எள்ளையும் சர்க்கரையையும் உரலில் இடித்து எள்ளுப்பாகு பிடித்த கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. அங்கே எள்ளின் எண்ணெயும் சர்க்கரையும் செய்த ஒட்டும் வேலையை இங்கே பேரீச்சம்பழத்தின் பசை செய்கிறது. வறுத்த பருப்பு முழுவதும் ஆறிய பின் கிரைண்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். அதை எடுத்து வைத்துவிட்டுப் பழத்தை அரைத்து, இரண்டையும் உப்பு, ஏலத்தூளுடன் கையால் பிசைந்து உருட்டி, உலர்ந்த தேங்காய்ப்பூவில் புரட்டுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரை இங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்தில் போட்டால் ஒழுங்காகச் சுற்றாது. இங்குள்ள மின்சாரத்துக்கென்று செய்ததையே வாங்குங்கள்.

பாடசாலைக்கு உரியதில் பருப்புக்குப் பதிலாக அதே அளவு சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் போடுங்கள். திறந்த தொட்டிகளிலிருந்து அள்ளி விற்கும் விதைகளில் பருப்புத்தூள் கலந்திருக்கலாம் என்பதால், மூடிய பொதியாக, கச்சானோ மரப்பருப்போ கலந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எப்போதும் இந்த உருண்டையை முதலில் செய்து மூடிவைத்த பிறகே பருப்பைச் சட்டியில் போடுங்கள். எள்ளும் கனடாவின் முன்னுரிமை ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால், அதைச் சேர்க்கும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள்.

நிறத்துக்கு அப்ரிகொட் வற்றல் சேர்க்கலாம். பளிச்சென்ற செம்மஞ்சளில் இருப்பது கந்தகவீரொட்சைட்டு (சல்பர் டையொக்சைட்) இட்டுப் பதப்படுத்தியது; அது சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும், எனவே வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் அது இடாத, மண்ணிறமான வற்றலை வாங்குங்கள். கிரான்பெரி வற்றலில் பெரும்பாலும் சீனி சேர்த்தே விற்கிறார்கள்.

“சீனி போடாத இனிப்பு” என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனிதான். மேற்சொன்ன அளவில் 20 உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றிலும் சுமார் 8 கிராம் சீனி இருக்கும். அது இரண்டு தேக்கரண்டிக்குச் சமம். நார்ச்சத்தும் பருப்பின் கொழுப்பும் புரதமும் கூட வருவதால் மிட்டாயைவிட இது பலமடங்கு மேல், ஆனால் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். பல்லில் ஒட்டும் என்பதால் சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்கவையுங்கள். நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம். வீட்டில் மாமியாருக்கோ மாமாவுக்கோ அது இருந்தால், “பழம்தானே” என்று கணக்கில்லாமல் நீட்டவேண்டாம்.

நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுப் பருப்போ பெரிய துண்டோ தொண்டையில் அடைக்கும். மகனுக்கென்று பருப்பை மாவாகவே அரைத்து, உருட்டாமல் தட்டையாகத் தட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, உட்காரவைத்துக் கொடுங்கள். மூடிய பெட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு கிழமை இருக்கும். வால்நட் விரைவில் சிக்கு வாசம் அடிக்கும் என்பதால் குறைவாக வாங்கி, மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.