கேள்வி – பதில்: நீதிபதி நவநீதம் பிள்ளை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான கிளேர்வுட்டில் 1941இல் பிறந்த நவநீதம் பிள்ளையைப் பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில்.

டொங்காட் வாசகர்: பஸ் டிரைவரின் மகள். 1967இல் எடுத்த எடுப்பிலேயே சொந்த வக்கீல் ஆபீஸ் போட்டது எப்படி?

வேறு வழி இல்லாமல்தான். அட்டர்னி ஆக வேண்டுமானால் தொழிலில் இருப்பவரிடம் ஆர்ட்டிகிள்ஸ் என்ற தொழிற்பயிற்சியை முடிக்க வேண்டும். அதை என்.டி. நாயக்கரிடம் முடித்தார். அதன்பின் வேலை கேட்டுப் போன இடமெல்லாம், வெள்ளைக்கார ஊழியர் இவரிடம் உத்தரவு வாங்குவதா என்று கையை விரித்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக அலுவலகம் திறந்த, வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். வெள்ளையரல்லாதவர் என்பதால், 28 ஆண்டு தொழில் செய்தும் நீதிபதியின் அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. 1995இல் தாமே உயர் நீதிமன்ற நீதிபதியானபோதுதான் அது நடந்தது.

மெரிபாங்க் வாசகி: விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்கலாம் என்று சட்டம் இருந்த காலத்தில், காவலில் இருந்த கணவருக்காக அவர் வழக்குப் போட்டு என்ன பயன்?

எதைக் கேட்டார் என்பதில்தான் விஷயம். 1967ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு போன்றவை, காவல் செல்லுமா என்று ஆராயக்கூட நீதிமன்றத்துக்கு இடம் தரவில்லை. 'விடுதலை செய்யுங்கள்' என்று மனுப் போட்டால் வாசலிலேயே விழுந்துவிடும். அடித்து விசாரிப்பதற்கு எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லையே! சட்டவிரோதமான விசாரணை முறைகளுக்குத் தடை கேட்டார், பெற்றார். 1973இல், அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையின் கைதிகளுக்கு வக்கீலைச் சந்திக்கும் உரிமையையும் வாங்கிக் கொடுத்தார்.

சாட்ஸ்வர்த் வாசகர்: ருவாண்டா தீர்ப்பை அவர் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன?

முதலில் ஒரு திருத்தம்: அது அவர் தனியாக எழுதிய தீர்ப்பு அல்ல. 1994இல் ருவாண்டாவில் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்ததை விசாரிக்க ஐ.நா. அமைத்த நீதிமன்றத்தில், செனகலின் லைட்டி காமா தலைமையில் இருந்த மூவர் அமர்வு அதை வழங்கியது. அதில் பெண் இவர் ஒருவரே.

குற்றம் சாட்டப்பட்டவர், ருவாண்டாவில் டபா என்ற ஊரின் நிர்வாகத் தலைவராக இருந்த ஜான் பால் அகயேசு. 1996இல் போட்ட குற்றப்பத்திரிகையில் 12 குற்றச்சாட்டுகள். பாலியல் வன்முறை ஒன்றில்கூட இல்லை. அந்தக் கேள்வியைப் புலனாய்வில் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. விசாரணை 1997 ஜனவரியில் டான்சானியாவின் அருஷாவில் தொடங்கியது. கூண்டில் ஏறிய ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் கெடுத்ததைச் சொன்னார். அடுத்து வந்த இன்னொரு சாட்சி, ஊராட்சி அலுவலக வளாகத்தில் நடந்தவற்றைச் சொன்னார். நீதிபதிகள் துருவிக் கேட்டதால் இவை பதிவாயின. அரசுத் தரப்பு அனுமதி கேட்டு, ஜூனில் 3 குற்றச்சாட்டுகளைச் சேர்த்தது.

1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பில் 15இல் 9 நிரூபணம். அகயேசு தாமே எந்தப் பெண்ணையும் கெடுக்கவில்லை. உடனிருந்து ஊக்கப்படுத்தினார், அதுவே போதும் என்றார்கள். டுட்சி இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு அவ்வினப் பெண்களைக் கெடுத்ததால் அது இனப்படுகொலையின் ஒரு பகுதி என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது அதுவே முதல் தடவை. வன்புணர்ச்சிக்கு வந்த விளக்கமும் புதிது: எந்த உறுப்பு, எந்தச் செயல் என்று பட்டியல் போடவில்லை. கட்டாயச் சூழல் இருந்ததா என்று பார்த்தார்கள். கத்தியோடு கும்பல் சுற்றி நிற்கும்போது 'ஏன் எதிர்க்கவில்லை' என்ற கேள்விக்கு இடமேது?

பீனிக்ஸ் வாசகி: வீட்டில் அடிபடும் பெண்களுக்காக டர்பனில் அவர் ஆலோசனை மையம் தொடங்க உதவினாராமே. அடிப்பவரைத் தடுக்கும் கோர்ட் உத்தரவான பாதுகாப்பு ஆணையை இன்று வாங்க வக்கீல் வேண்டுமா?

வேண்டாம். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. நீங்கள் இருக்கும், வேலை செய்யும் அல்லது சம்பவம் நடந்த இடத்து மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுக் கொடுங்கள், மனுவுக்குக் கட்டணமில்லை. தேதி, அடித்த விதம், பார்த்தவர் யார் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். 'எப்போதும் கொடுமை' என்று பொதுவாக எழுதினால் மனு பலமிழந்து போகும்.

பலர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில். இடைக்கால ஆணை கையில் வந்தாலும், எதிராளியிடம் சேர்ப்பித்தால்தான் அது செல்லும். ஷெரிப் என்ற கோர்ட் அதிகாரியோ போலீஸோ கொடுத்துவிட்டார்களா என்று கிளார்க்கிடம் போன் போட்டுக் கேளுங்கள். குறித்த தேதியில் தவறாமல் ஆஜராகுங்கள். ஆணையோடு ஒரு கைது வாரன்டும் தருவார்கள், ஆணையை மீறும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். எதிராளி ஆணையை மீறினால் அந்த வாரன்டையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் போலீசில் கொடுக்க வேண்டும். வாரன்ட் தொலைந்தால் பயப்படாதீர்கள், கோர்ட்டில் இன்னொன்று கேட்டு வாங்கலாம்.