மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீருமா?

கேள்வி: ஜவுளிக் கடை நஷ்டத்தில் மூடிவிட்டது. வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் 9 லட்சம், ஃபைனான்ஸில் 6 லட்சம், கைமாற்று 4 லட்சம் கடன். ஃபைனான்ஸுக்கு செக் கொடுத்திருக்கிறேன்; மைத்துனர் ஜாமீன். என் பெயரில் 40 சென்ட் நிலம் இருக்கிறது. அதை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு ஐ.பி. (கடனைக் கட்ட முடியாதவர் நீதிமன்றத்தில் போடும் திவால் மனு) போடச் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், கரூர்

பதில்: நிலத்தை எழுதிவைக்காதீர்கள். பத்திரம் பதிந்த 2 ஆண்டுக்குள் ஐ.பி. போட்டு நீங்கள் நொடித்தவராக (திவாலானவராக) அறிவிக்கப்பட்டால், அந்த செட்டில்மென்டை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மனு போடுவதற்கு முந்தைய 3 மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்த பணத்துக்கும் இதே கதிதான். சொத்தை மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை.

வக்கீல் கடன்காரர்களுக்கு அனுப்பும் மஞ்சள் நோட்டீஸோடு கடன் முடிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது வெறும் தகவல். 1920-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி உங்கள் ஊரில் சார்பு நீதிமன்றத்தில் மனு போட வேண்டும் (சென்னைவாசிகளுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம்). கடன்காரர்கள் எதிர்த்து வழக்காடலாம். நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். அவர் விற்றுப் பங்கிடுவார். பிறகு நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிப்பு கேட்டு நீங்களே மனு செய்ய வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கேட்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன் பழையபடி நிற்கும்.

உங்கள் கணக்கில் ஐ.பி.யால் என்ன மிச்சம்? அடமான வீட்டின் மேல் வங்கிக்கு உள்ள உரிமை போகாது. செக் பணமில்லாமல் திரும்பினால் வரும் 138-ஆம் பிரிவு வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும் ஜாமீன்தாரரை விடமாட்டார்கள், 6 லட்சமும் மைத்துனர் தலையில் விழும். உண்மையில் பலன் தருவது கைமாற்று 4 லட்சத்துக்கு மட்டுமே. அதற்காக நிலத்தை ரிசீவரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நிலத்தைச் சந்தை விலைக்கு, வங்கி வழியாகப் பணம் வாங்கி விற்றுவிடுங்கள். முதலில் ஃபைனான்ஸிடம் பேசித் தொகையை முடிவுசெய்து, செக்குகளையும் பாண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு எழுத்தில் ரசீது பெறுங்கள். செக் வழக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் லோக் அதாலத்தில் சமரசம் செய்யலாம். வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வுக்கு எழுதிக் கொடுங்கள். கைமாற்றுக் கடன்காரர்கள் சிறை என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம்: வசதி இல்லாமல் கட்டாதவரை அதற்காக மட்டும் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நிலம் விற்றும் பேச்சு முறிந்தால் அப்போது ஐ.பி. பற்றி யோசிக்கலாம். மனுவில் ஒரு கடன்காரர் பெயரும், ஒரு பவுன் நகையும் விடுபடக் கூடாது.