அகத்திக்கு 'கிராண்டிஃபுளோரா', பிச்சிக்கு ஏன் 'கிராண்டிஃபுளோரம்'?

அகத்தியின் அறிவியல் பெயர் செஸ்பேனியா கிராண்டிஃபுளோரா, பிச்சியின் அறிவியல் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம்; இரண்டில் ஒன்று அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். செடிகளின் பெயர்ப்பலகையைத் திருத்திவிடாதீர்கள்!

'கிராண்டிஃபுளோரா', 'கிராண்டிஃபுளோரம்' இரண்டும் ஒரே இலத்தீன் பெயரடையின் வடிவங்கள். முன்னால் நிற்கும் பேரினப் பெயரின் பாலுக்கேற்ப அதன் விகுதி மாறும்: ஆண்பாலுக்கு -உஸ், பெண்பாலுக்கு -ஆ, இரண்டுமல்லாத அலிப்பாலுக்கு -உம். செஸ்பேனியா பெண்பால், ஜாஸ்மினம் அலிப்பால்.

சொல்லைப் பிரித்தால் 'கிராண்டிஸ்' (பெரிய), 'ஃபுளோஸ்' (பூ). பூவுக்கு எழுவாய் வடிவம் 'ஃபுளோஸ்'. 'பூவின்' என்றால் 'ஃபுளோரிஸ்'. உயிர்களுக்கு நடுவே மாட்டிய பழைய ஸகரம் ரகரமாகிவிட்டது. கூட்டுச்சொல்லில் நுழைவது அந்த 'ஃபுளோர்' என்ற அடிதான்.

பொருளில் ஒரு நுட்பம் உண்டு. இது 'பெரிய பூ' அல்ல, 'பெரிய பூக்களை உடையது'. நம் அன்மொழித்தொகை மாதிரியேதான். பொற்றொடி என்றால் வளையலையா சொல்கிறோம்? அதை அணிந்தவளை அல்லவா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அகத்தியை ரோபினியா பேரினத்தில் வைத்தபோதும் 'கிராண்டிஃபுளோரா' என்றே எழுதினார். பிறை போல வளைந்த அந்தப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள்.

அப்புறம், விகுதியை மட்டும் பார்த்துப் பாலை முடிவு செய்யாதீர்கள். அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. -உஸ் என்று முடிந்தாலும் ஃபைகஸ் பெண்பால்; இலத்தீனில் மரப்பெயர்கள் பலவும் அப்படித்தான். தேக்கின் டெக்டோனா கிராண்டிஸ் வேறு வகை: 'கிராண்டிஸ்' ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் ஒரே வடிவம், அலிப்பாலில் மட்டும் 'கிராண்டே'.