கரை கேட்டால் பொம்மையும் வருகிறதே!

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையின் பட்டுச் சேலைகளை 60 போட்டோ எடுத்து, எஸ்.டி.எக்ஸ்.எல். என்ற படம் வரையும் ஏ.ஐ. மாடலில் லோரா (மாடலுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத்தரும் சிறு துணை ஃபைல்) பயிற்சி கொடுத்தேன். தாழம்பூ ரேக்குக் கரை ஓரளவு வருகிறது. ஆனால் என்ன படம் கேட்டாலும் கடைப் பொம்மையும் பின்னாலிருக்கும் கண்ணாடி அலமாரியும் கூடவே வந்து நிற்கின்றன. எங்கே தவறு? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: 60 படத்திலும் அந்தப் பொம்மை இருந்திருக்கும், ஒரு கேப்ஷனிலும் (படத்தோடு எழுதித்தரும் குறிப்பு) அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். எல்லாப் படத்திலும் மாறாமல் நின்று, கேப்ஷனில் பெயர் பெறாத எதுவும் ட்ரிகர் சொல்லோடு (படம் கேட்கும்போது லோராவை அழைக்கும் சொல்) ஒட்டிக்கொள்ளும். கரைதான் உங்களுக்கு வேண்டியது, பொம்மை வேண்டாதது என்பது லோராவுக்கு எப்படித் தெரியும்?

60 படம் தேவையே இல்லை, 30 போதும். ஆனால் அந்த 30-ம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. கரையை மட்டும் கிட்டத்தில் எடுத்தது 10, தரையிலோ கட்டிலிலோ விரித்துப்போட்டது 8, வேறு வேறு ஆட்கள் வேறு வேறு இடத்தில் உடுத்தியிருப்பது 10. பொம்மைப் படம் இரண்டு இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். கேப்ஷனில் மாறக்கூடியதை எல்லாம் எழுதுங்கள்: உடல் பச்சை, கரை அரக்கு, மரத்தரை, ஜன்னல் வெளிச்சம், பொம்மை இருந்தால் பொம்மை. ரேக்கை மட்டும் வர்ணிக்காதீர்கள். சொல்லாமல் விட்டதைத்தான் ட்ரிகர் சொல் எடுத்துக்கொள்ளும்.

கிட்டப் படம் எதற்கென்றால், மாடல் நீங்கள் கொடுக்கும் படத்தை அப்படியே பார்ப்பதில்லை. 1024-க்கு 1024 பிக்சல் படத்தை முதலில் 128-க்கு 128 கட்டமாகச் சுருக்குகிறது. 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். முழுச் சேலைப் படத்தில் ரேக்கின் ஒரு பல் 6, 7 பிக்சல்தான் என்றால், அங்கே கற்றுக்கொள்ள வடிவமே இல்லை. மஞ்சள் தீற்றல்தான் மிஞ்சும். ஃபிளாஷும் போடாதீர்கள். ஜரிகை வெள்ளையாக வெடித்து, வெள்ளைக் கரைச் சேலைதான் கிடைக்கும்.

இன்னொன்று: மென்பொருளில் படத்தை இடவலமாகப் புரட்டும் ‘ஃபிளிப்’ வசதியை டிக் செய்யாதீர்கள். படம் இரட்டிப்பாகிறதே என்று ஆசையாக இருக்கும். பாதிப் படங்களில் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும்.

கேள்வி: கேப்ஷனைத் தமிழில் எழுதலாமா? ட்ரிகர் சொல் எப்படி இருக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: எஸ்.டி. 1.5 என்ற பழைய மாடல், எஸ்.டி.எக்ஸ்.எல். இரண்டுக்கும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். சொற்களைப் புரிந்துகொள்ளும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளில் பழகியது. தமிழ் எழுத்தை அது பைட் பைட்டாக உடைக்கும். 75 டோக்கன் (சொல்துண்டு) வரம்பு நாலைந்து சொல்லிலேயே தீர்ந்துவிடும், பொருளும் ஏறாது. ட்ரிகருக்கு ஆங்கில எழுத்தில் பொருளற்ற ஒரு கூட்டு போதும். பழைய பாடங்களில் எல்லாம் வரும் ‘எஸ்கேஎஸ்’ மட்டும் வேண்டாம். அது ஒரு சோவியத் துப்பாக்கியின் பெயர். சேலைக்கு நடுவே திடீரென்று துப்பாக்கிக் குழல் எட்டிப்பார்த்தால் காரணம் அதுதான்.

கேள்வி: கோஹ்யா என்ற லோரா பயிற்சி மென்பொருளில் 1,500 ஸ்டெப் ஓட்டினேன். லாஸ் (பிழை அளவு) எண் 0.1-ஐச் சுற்றி ஏறி இறங்குகிறதே தவிர குறையவில்லை. படத்திலும் மாற்றமே இல்லை. (கோவை வாசகர்)

பதில்: லாஸை விட்டுத்தள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் படத்தில் எவ்வளவு நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கலக்கிறது என்பது குருட்டாம்போக்கில் மாறுவதால் அந்த எண் குதிக்கத்தான் செய்யும். படத்தில் மாற்றம் இல்லை என்பதுதான் விஷயம். ‘நெட்வொர்க் ஆல்ஃபா’ 1 என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் எண் அது. லோராவின் விளைவு ஆல்ஃபாவை ரேங்கால் (லோராவின் அளவைக் குறிக்கும் எண்) வகுத்து வருவதோடு பெருக்கப்படுகிறது. ரேங்க் 32, ஆல்ஃபா 1 என்றால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆல்ஃபாவை 16 ஆக்கி, லேர்னிங் ரேட் (கற்கும் வேகம்) 0.0001 வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்டெப் கணக்கையும் சரிபாருங்கள். ஃபோல்டர் பெயரின் முன்னால் உள்ள எண்தான் ரிபீட், அதாவது ஒரு எபாக்கில் (ஒரு முழுச் சுற்று) ஒவ்வொரு படமும் வரும் தடவை. பேட்ச் என்பது ஒரு ஸ்டெப்பில் சேர்த்துப் பார்க்கும் படங்கள். 30 படம், ரிபீட் 10, பேட்ச் 2 என்றால் ஒரு எபாக்குக்கு 150 ஸ்டெப். 10 எபாக்கில் 1,500. ஒவ்வொரு எபாக்குக்கும் ஒரு ஃபைல் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே சீட் (படத்தின் தொடக்க எண்), ஒரே ப்ராம்ப்ட் (படம் கேட்கும் வரி) வைத்து, ஒவ்வொரு ஃபைலையும் 0.6, 0.8, 1.0 என மூன்று வெயிட்டில் (லோராவின் வலு) வரையவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசி ஃபைல்தான் சிறந்தது என்று இல்லை. 1.0-இல் நிறம் எரிந்து, முகங்கள் எல்லாம் ஒரே ஆளாகத் தெரிந்தால் அது அளவுக்கு மீறி வெந்து கருகியது. இரண்டு மூன்று எபாக் பின்னால் போங்கள்.

கேள்வி: கூகுள் கோலாபின் இலவச டி4 கார்டில் எஸ்.டி.எக்ஸ்.எல். பயிற்சி கொடுத்தால், மாதிரிப் படம் எல்லாம் கறுப்பாக வருகிறது. (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பிஎஃப்16, எஃப்பி16 இரண்டும் எண்களைச் சுருக்கி வைக்கும் முறைகள். அந்தக் கார்டு பிஎஃப்16 கணக்குக்கு ஏற்றதல்ல, அதனால் எஃப்பி16-இல் ஓடுகிறது. எஸ்.டி.எக்ஸ்.எல்.-இன் விஏஇ பகுதி (படத்தைக் கட்டமாகச் சுருக்கி, மறுபடி படமாக்குவது) எஃப்பி16-இல் எண் வழிந்து செத்துவிடும். ‘நோ ஹாஃப் விஏஇ’ என்பதை டிக் செய்யுங்கள். முன்பு கேஷ் செய்து வைத்த லேட்டன்ட் ஃபைல்களையும் (சுருக்கிய படங்கள்) அழித்துவிடுங்கள். அவை கெட்டுப்போயிருந்தால், செட்டிங் மாற்றியும் பயனில்லை.

கேள்வி: எஸ்.டி. 1.5-க்குச் செய்த லோராவை எஸ்.டி.எக்ஸ்.எல்.-இல் போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியாது. உள் அடுக்குகளே வேறு. படங்களும் கேப்ஷனும் இருக்கின்றன அல்லவா, மறுபடி பயிற்சி கொடுங்கள்.

கேள்வி: புள்ளிக் கோலப் படம் 200 சேர்த்திருக்கிறேன். சிக்குக் கோலம் பிழையில்லாமல் போட லோரா கற்றுக்கொள்ளுமா? (மதுரை வாசகர்)

பதில்: கோலமாவு, செம்மண் வாசல், கைவிரலிலிருந்து விழும் கோட்டின் தடிப்பு எல்லாம் அழகாக வரும். புள்ளியை எண்ணாது, கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வந்து மூடுகிறதா என்றும் பார்க்காது. 2,000 படம் கொடுத்தாலும் இதே கதைதான். கோட்டை ஒரு சிறு பைத்தான் நிரலிலோ கையாலோ வரைந்து, அதைக் கன்ட்ரோல்நெட்டுக்கு (கொடுத்த கோட்டின்படி படத்தை வரையவைக்கும் துணை மாடல்) கொடுங்கள். லோரா அதன்மேல் மாவைத் தூவட்டும்.