கேசினோ எங்கே வரும்? மாதுங்கா வக்கீல் பதில் சொல்கிறார்

நிலம், உரிமம், சட்டம் பற்றி மட்டும் கேளுங்கள். ஜெயிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு: தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்க மாட்டேன்.

செம்பூர் வாசகர்: மும்பையில் கேசினோ வரப்போகிறதா சார்?

இல்லை. 1976-இல் மகாராஷ்டிரம் கேசினோவுக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு, வரிச் சட்டம் போட்டது. ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. எத்தனையோ ஆட்சிகள் வந்தன. யாரும் அமலாக்கவில்லை, யாரும் தூக்கி எறியவும் இல்லை. 2023-இல்தான் ரத்து செய்தார்கள்.

டோம்பிவிலி வாசகர்: கோவாவில் மட்டும் ஏன் கப்பலில் வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. 1976-இல் வந்த அவர்களுடைய சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992-இல் ஒரு ஓட்டை போட்டார்கள்: ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டம் மட்டும். 1996-இல் இன்னொன்று: கப்பல் என்றால் மேசை ஆட்டமும் சரி. கரையில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் வழக்கு போடும். கப்பல் நிற்கும் மண்டோவி ஆற்றுக்கு வார்டு கவுன்சிலர் கிடையாது. ஆனாலும் பணஜி மக்கள் விடவில்லை. மண்டோவியிலிருந்து கப்பல்களை அப்புறப்படுத்துவோம் என்று எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசுவார்கள், ஆட்சிக்கு வந்ததும் கால நீட்டிப்பு கொடுப்பார்கள். 2020-இல் உள்ளூர்க்காரர்கள் உள்ளே போய் ஆடத் தடை என்று அரசே அறிவித்தது. தோற்பவர்கள் வெளியூர்க்காரர்கள், வரி உள்ளூருக்கு. தோற்கிறவர்களில் நம்ம மும்பைக்காரர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்குக் கோவாவில் ஓட்டு இல்லையே.

அந்தேரி வாசகர்: வெளிநாட்டில் வல்லுநர் குழு வைத்து நியாயமாக முடிவெடுப்பார்களாமே?

குழு வைப்பார்கள். பிரிட்டனில் ஒரே ஒரு பெரிய கேசினோவுக்கு அனுமதி என்றார்கள். பிளாக்பூலுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, 2007 ஜனவரியில் குழு மான்செஸ்டரைச் சொன்னது. மார்ச்சில் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை 3 வாக்கு வித்தியாசத்தில் அதைக் கவிழ்த்தது. அந்த ஆண்டே புதிய பிரதமர் கார்டன் பிரவுன் திட்டத்தைக் கைவிட்டார்.

நியூயார்க்கில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு பேர் குழு. ஆளுநருக்கு ஒருவர், மேயருக்கு ஒருவர், மீதி நால்வர் உள்ளூர்ப் பிரதிநிதிகளின் ஆட்கள். தேறுவதற்கு 4 வாக்கு வேண்டும். 2025 செப்டம்பரில் மன்ஹாட்டனுக்கு வந்த 3 திட்டங்களும் விழுந்தன. யொகோஹாமாவில் 2021 மேயர் தேர்தலில் கேசினோ வேண்டாம் என்றவர் ஜெயித்தார், திட்டம் போயிற்று.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூஜெர்சி. 1974-இல் மாநிலத்தின் ஊர்களில் கேசினோவை அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் தோற்கடித்தார்கள். 1976-இல் அட்லாண்டிக் சிட்டியில் மட்டும் என்று மாற்றிக் கேட்டார்கள், ஜெயித்தது. இன்னொருவர் ஊரில் என்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எந்த இடம் நல்லது என்று யாரும் தேடுவதில்லை. எந்த ஊரால் தடுக்க முடியாது என்றுதான் தேடுகிறார்கள்.

முலுண்ட் வாசகர்: மும்பைக்குக் கேசினோ வருமா?

முதல் பதில்.

தாராவி வாசகர்: அண்ணாச்சி, ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்கிறார்களே?

அந்தக் கணக்கை யார் காசு கொடுத்து எழுத வைத்தது என்று முதலில் பாருங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். சிங்கப்பூரில் வேலை வந்தது, உண்மை. 2005-இல் முடிவெடுத்து 2010-இல் இரண்டைத் திறந்தார்கள். ஆனால் சொந்தக் குடிமக்கள் நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் வைத்தார்கள், 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். வேலைக் கணக்கைக் காட்டுபவர் இதைச் சொல்ல மாட்டார்.

வடாலா வாசகர்: மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் குதிரை மேல் பணம் கட்டினால் மட்டும் பரவாயில்லையா?

1974-இல் தமிழ்நாட்டில் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-இல் சென்னை ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயத்தில் திறமையே மேலோங்குகிறது, ஆகவே சூதாட்டம் அல்ல என்றது. கேசினோவில் சுழலும் ரூலெட் சக்கரத்துக்கு வம்சமும் இல்லை, ஜாக்கியும் இல்லை.

சயான் வாசகர் (குறுக்கே): கிண்டி ரேஸில் வீட்டை இழந்தவனிடம் போய்த் திறமை என்று சொல்லுங்கள்.

வேதனை புரிகிறது, ஆனால் அது சட்ட வாதம் இல்லை.

வடாலா: அப்போ பணக்காரன் ஆடினால் திறமை, மில் தொழிலாளி மட்கா எழுதினால் குற்றமா?

மட்காவில் வெறும் எண்தான், அதில் என்ன திறமை? ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. லாட்டரியிலும் வெறும் எண்தான், மகாராஷ்டிர அரசே அதை விற்கிறது. தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. எதை விடலாம் என்பதில் அரசுகளுக்கே ஒரே கொள்கை இல்லை.

சயான்: அப்படியானால் ரேஸ் கோர்ஸையும் மூடச் சொல்லுங்கள்!

மகாலட்சுமி மைதானம் 1883-லிருந்து அங்கே இருக்கிறது. அன்றைக்கு அக்கம்பக்கத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. புதிதாக வருவதைத் தடுக்கலாம், வேர்விட்டதை நகர்த்துவது வேறு வேலை. மண்டோவிக் கப்பல்காரர்களுக்கும் இது தெரியும். இருவரும் போனில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ரேஸ் பற்றி இனி பதில் இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: வீட்டுக்காரர் செல்போன் ரம்மியில் கடன் வாங்கிவிட்டார்.

இதற்கு நான் சரியான ஆள் இல்லை அம்மா. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இன்றே பேசுங்கள், தமிழிலும் பேசுவார்கள். கடன் பத்திரம் எதிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

பன்வெல் வாசகர்: நவி மும்பை விமான நிலையம் பக்கம் கேசினோ வரும், விலை ஏறும் என்று புரோக்கர் பிளாட் காட்டுகிறார். வாங்கலாமா?

எந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.